அரிசி மூட்டையை உதைத்தவள்

ரெஸ்லிங்கில் சேர்வது எப்படி என்று இன்றைக்கும் யாராவது என்னைக் கேட்பார்கள். கல்யாண வீடுகளில்தான் அதிகம். கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள், “அதெல்லாம் பொய்யடிதானே” என்று அவர்களே முடித்தும் வைப்பார்கள். முன்பு சிரித்துச் சமாளிப்பேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை. “வாங்கோ, ஒரே ஒருக்கா உங்களைத் தூக்கிப் பலகையிலை போட்டுக் காட்டுறன். பொய்யோ மெய்யோ எண்டு நீங்களே சொல்லுங்கோ” என்கிறேன். இதுவரை ஒருவரும் எழுந்து வந்ததில்லை.

உண்மையான பதில் பலருக்கு ருசிக்காது. ரெஸ்லிங்கில் சேர விரும்புகிறவர் முதலில் பலகை சுமக்க வேண்டும். தொலைக்காட்சியில் மெத்தைபோலத் தெரிகிற மேடைக்கு அடியில் இரும்புச் சட்டங்கள் இருக்கின்றன. அவற்றின்மேல் தடித்த பலகைகள். அதற்குமேல் விரலளவு தடிப்பில் ஒரு ஸ்பொஞ்ச், அதற்குமேல் இழுத்துக் கட்டிய கன்வஸ். அவ்வளவுதான் மெத்தை. அதை வான் வண்டியிலிருந்து இறக்கி, பூட்டி, நிகழ்ச்சி முடிந்ததும் கழற்றி மறுபடி வண்டியில் ஏற்றுவது புதிதாகச் சேர்ந்தவர்களின் வேலை. ஏழு மாதம் நான் அதைச் செய்தேன். இடைவேளையில் நிகழ்ச்சி நிரல் விற்றேன். உடைமாற்றும் அறைக்குள் போனால் அங்கிருக்கும் ஒவ்வொருவரிடமும் போய்க் கை கொடுக்க வேண்டும், அதுவும் மெதுவாக, பஞ்சைத் தொடுவதுபோல. இறுக்கிப் பிடித்தால் மேடையிலும் அப்படித்தான் முரட்டுத்தனமாக இருப்பாய் என்று நினைப்பார்கள். ஒருவரை விட்டுவிட்டால் அவர் ஒரு வருடத்துக்கு முகம் கொடுக்கமாட்டார். இது எனக்குப் புதிதில்லை. பெண் பெரியவளானதைக் கொண்டாடும் எங்கள் சனத்தின் சாமத்திய வீடுகளில் வளர்ந்தவளுக்கு, ஒரு மண்டபத்தில் ஒருவரையும் விடாமல் சுகம் விசாரிக்கத் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஹவுன்ஸ்லோவில், விமானம் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவைத்துப் பிறகு தொடர்கிற ஒரு வீட்டில் அம்மா அப்பாவோடு இருந்தேன். ஜெர்மனியிலிருந்து குடும்பமாக லண்டனுக்கு மாறி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். அம்மா விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் அறை துப்புரவாக்கினார். நான் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற தொழிற்சாலையில், குளிரூட்டிய மண்டபத்தில் நின்று தட்டுக்குத் தட்டு பாண் துண்டு வைத்தேன்.

ஏன் ரெஸ்லிங் என்று கேட்டால், ஒரு ட்ரொலிதான் காரணம். ஒருநாள் எங்கள் சூப்பர்வைசர் பார்க்காமல் வந்து ஒரு ட்ரொலியை என் குதிக்காலில் இடித்தார். தோல் கிழிந்து காலுறையில் இரத்தம். “ஸொறி” என்று சொன்னது நான். அவர் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டு போனார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு உடம்பு கொதித்தது. அவர் மேலில்லை, என் வாயின் மேல். அந்த வாய் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி ஸொறிதான். கதவைத் தட்டும்போது ஸொறி, பேருந்தில் இறங்கும்போது ஸொறி, தன் முறை வந்து கடையில் காசு கொடுக்கும்போதும் ஸொறி. ஜெர்மனியில் இருந்தபோது அதையே ஜெர்மன் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களை இருக்கவிட்டதற்காக இரண்டு நாடுகளிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி எனக்குப் பட்டது.

அந்த வாரம் ரயிலில் யாரோ விட்டுப்போன இலவசப் பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் பார்த்தேன். தெற்கு லண்டனில், ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே, ரெஸ்லிங் பயிற்சி, பெண்களும் சேரலாம். சேர்ந்தேன். வீட்டில் ஓவர்டைம் என்று சொன்னேன்.

பயிற்சி தந்தவள் என்னைவிட ஆறு வயது மூத்த ஒரு வெள்ளைக்காரி. பகலில் பார்சல் வான் ஓட்டினாள். மூக்கு இரண்டு முறை உடைந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தது. அதிகம் பேசமாட்டாள். முதல் இரண்டு மாதமும் விழுவதுதான் பாடம். நாடியை நெஞ்சோடு ஒட்டு, மூச்சை வெளியே விடு, இரண்டு கையாலும் பலகையை அறைந்துகொண்டு முதுகால் விழு. எழும்பு, திரும்ப விழு. ஒரு நாளைக்கு நூறு. தலை முதலில் பட்டால் அம்புலன்ஸ் வரும் என்றாள். விழுவது எனக்குச் சீக்கிரம் வந்தது. கயிற்றில் ஓடி மோதுவது வந்தது. கயிறு என்று சொல்கிறார்களே தவிர உள்ளே இரும்பு வடம். விலாவில் கருநீலக் கோடு கோடாக விழுந்தது. அதையும் தாங்கினேன். தூக்கிப் போடுவது, தூக்கிப் போட ஒத்துழைப்பது, கழுத்தைப் பிடிப்பது, எல்லாம் வந்தது.

உதைப்பதுதான் வரவில்லை.

உதை வரவில்லை என்பதும் சரியில்லை. உதை நன்றாகவே விழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் சிக்கல். முதல்முறை அவளை வயிற்றில் உதைத்தபோது அவள் மடிந்து முழங்காலில் விழுந்தாள். உடனே என் வலது கை தானாகப் போய் அவள் தோளைத் தொட்டது. தொட்ட விரல்களை என் கண்களில் ஒற்றிக்கொண்டேன். நான் யோசித்துச் செய்யவில்லை. நம்மில் யார்தான் யோசித்துச் செய்கிறோம். ஆள்மேல் கால் பட்டால் கை போகும், புத்தகத்தில் பட்டாலும் போகும். பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவரின் சப்பாத்தில் பட்டால்கூடப் பாதி வழி போய்விட்டு வெட்கத்தோடு திரும்பி வரும்.

அவள் முழங்காலில் இருந்தபடியே கேட்டாள். “என்ன அது, முத்தமா?”

“மன்னிப்பு” என்றேன்.

“எதற்கு?”

“என் கால் உங்கள்மேல் பட்டுவிட்டது.”

“படவில்லை. நீ என் வயிற்றில் உதைத்தாய்.”

“அதனால்தான்.”

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு எழுந்தாள். பிறகு, நீ வில்லிக்குப் பொருத்தமானவள், உன் கண்ணில் கோபம் இருக்கிறது, ஆனால் உதைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கிற வில்லியை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்றாள். ரெஸ்லிங்கில் கூட்டத்துக்குப் பிடித்தவர் ஒருவர், கூட்டம் வெறுப்பவர் ஒருவர். வெறுப்பவர் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. நான் அந்த வெறுக்கப்படுகிறவளாக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். ஒரு மண்டபம் நிறைந்த ஆட்கள் என்னை வெறுக்க வேண்டும், நான் யாரிடமும் ஸொறி சொல்லாமல் நடுவில் நிற்க வேண்டும். அதைவிட நிம்மதியான ஒரு வேலையை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

கை கேட்கவில்லை. மூன்று மாதம் போனது. எனக்குப் பிறகு சேர்ந்தவர்கள் மேடையேறினார்கள், நான் அவர்களுக்குப் பலகை பூட்டினேன். கடைசியில் அவள் சொன்னாள். “கூட்டத்துக்கு முன்னால் அந்தக் கை ஒரு தடவை வெளியே வந்தாலும் நீ இந்த வளைவுக்குத் திரும்பி வராதே.”

எனவே வீட்டில் பழகினேன். படிக்குக் கீழே, துணி காயவைக்கிற கொடிக்குப் பக்கத்தில், இருபது கிலோ அரிசி மூட்டை எப்போதும் நிற்கும். உயரமும் அளவு, பாரமும் அளவு. அம்மா வேலைக்குப் போன நேரங்களில் வலது கையை இடுப்புப் பட்டிக்குள் செருகிக்கொண்டு மூட்டையை உதைப்பேன். தெரியாமல் பட்ட காலுக்கே துடிக்கிற கை, அரிசியை வேண்டுமென்று உதைத்தால் எப்படித் துடிக்கும் என்று பாருங்கள். சோற்றுப் பருக்கையைக் கூட மிதிக்கவிடாமல் வளர்த்த வீடு. இதை அடக்கினால் எதையும் அடக்கலாம் என்பது என் கணக்கு. மூன்றாவது வாரம் கை கொஞ்சம் அடங்கத் தொடங்கியது.

அந்த வாரம்தான் ஹோட்டலில் தங்க வந்த ஆட்கள் குறைவு என்று அம்மாவை வழமையைவிட வேளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் கதவு திறந்ததைக் கேட்கவில்லை. திரும்பியபோது அம்மா கோட்டோடு நின்றார்.

“என்னடி செய்யிறாய்?”

இடுப்புப் பட்டிக்குள் இருந்த கையை இழுத்தெடுத்தேன்.

“அரிசியைக் காலாலை உதைக்கிறியோ? உனக்கென்ன விசரோ?”

அந்த இடத்தில் வேறு ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். எலி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குப் பொய் சொல்லிச் சலித்துவிட்டது. “றெஸ்லிங் பழகிறன், அம்மா” என்றேன்.

“என்ன பழகிறாய்?”

“றெஸ்லிங். ரீவியிலை தூக்கிப் போட்டு அடிபடுவினமே, அது. ஏழு மாசமாப் போறன்.”

“ஓவர்டைம் எண்டு சொன்னனீ.”

“பொய் சொன்னனான்.”

அம்மா கைப்பையைப் படியில் வைத்தார். “உன்னை அடிப்பினமோ?”

“ஓம்.”

“நீயும் அடிப்பியோ?”

“ஓம்.”

“ஆரை?”

“முன்னாலை நிக்கிறவையை.”

அதற்குப் பிறகு வழக்கமானவை எல்லாம் வந்தன. ஆர் உன்னைக் கட்டுவினம், சனம் என்ன சொல்லும், இதுக்கோ உன்னை ஷெல்லடிக்குள்ளாலை தூக்கிக்கொண்டு வந்தனான். கடைசிக் கேள்வி என்னைச் சுட்டது. அவர் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தது உண்மை. எனக்கு அப்போது மூன்று வயது. அதைக் கேட்டுத் தலை குனியத்தான் நான் பழகியிருந்தேன். அன்றைக்குக் குனியவில்லை.

“இனி அங்கை போகக்கூடாது” என்றார்.

“போவன்.”

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நான் எதையும் சேர்க்கவில்லை. இருபத்து நான்கு வயதில் அம்மாவிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்கும் அது விளங்கியது. என்னோடு பேச்சை விட்டுவிட்டுக் குனிந்து, அரிசி மூட்டையைத் தொட்டுத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். “அவளுக்குப் பதிலா நான் கும்பிடுறன்” என்று அரிசிக்குச் சொன்னார். பிறகு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மேசையில் சோறு மட்டும் தட்டால் மூடியபடி இருக்கும். அப்பா வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒருநாள், “காயம் கீயம் பட்டால் மறைக்காதை” என்றார். அப்பாவின் எதிர்ப்பும் ஆதரவும் அந்த ஒரு வசனத்தில் முடிந்தன.

இந்த நேரத்தில்தான் எனக்கு முதல் ஆட்டம் வந்தது. எங்கள் நிகழ்ச்சிகளை நடத்துகிறவர், தோல் ஜக்கட் போட்ட, எப்போதும் எதையாவது விற்கிற குரலில் பேசுகிற ஒரு மனிதர். ஹவுன்ஸ்லோவில் ஒரு சமூக மண்டபம் எடுத்திருக்கிறேன், ஞாயிறு பிற்பகல், உங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற இடம், அதனால் உன்னை ஏற்றப்போகிறேன் என்றார். எதிரில் ஆடப்போவது என் பயிற்சியாளரே. சந்தோஷத்தில் நான் நிலத்தில் இல்லை. அப்போது அவர் ஒரு பிளாஸ்டிக் பையைத் திறந்து பச்சை நிற ரப்பர் பாம்பு ஒன்றை எடுத்தார்.

“இந்தியப் பாம்பு இளவரசி” என்றார்.

“நான் இந்தியப் பெண் இல்லை.”

“அது யாருக்குத் தெரியப்போகிறது?”

“அங்கே வரப்போகிற எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.”

“அவர்கள் உன்னைப் பார்க்க வருவார்கள். மற்றவர்கள் பாம்பைப் பார்க்க வருவார்கள். கழுத்தில் போட்டுக்கொண்டு வா, ஒரு நடனம் ஆடு, போதும்.”

பாம்பைப் பைக்குள் சுருட்டி வைத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். யோசித்துப் பார்க்கிறேன் என்றார். யோசிக்கவில்லை. அடுத்த வாரம் ஹவுன்ஸ்லோ ஹை ஸ்ட்ரீட்டில் எங்கள் தமிழ்க் கடைக் கண்ணாடியில் என் படம் ஒட்டியிருந்தது. பயிற்சி உடுப்போடு நான் முறைத்துக்கொண்டு நிற்க, கீழே கொட்டை எழுத்தில் பாம்பு இளவரசி. படத்தில் பாம்பையும் வரைந்துவிட்டிருந்தார்கள்.

தடித்த கறுப்பு மார்க்கர் ஒன்றை வாங்கிக்கொண்டு அந்தத் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போனேன். முடிவெட்டும் கடை, கோழிக்கடை, பஸ் தரிப்பு, ஒன்றையும் விடவில்லை. பாம்பை அழித்தேன், இளவரசியை அழித்தேன். தமிழ்க் கடைக்காரர் மரவள்ளிக்கிழங்கை அடுக்கிக்கொண்டே, “என்ன பிள்ளை, என்ரை கடைக் கண்ணாடியிலை என்ன செய்யிறியள்?” என்று கேட்டார்.

“இது என்ரை படம், அண்ணை. ஆளை மாத்திப் போட்டிருக்கினம்.”

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஓம், நீங்கள்தான்” என்றவர், ஒரு வெள்ளைத் தாளும் செலோரேப்பும் எடுத்துத் தந்தார். அழித்த இடத்தின்மேல் அதை ஒட்டி, ‘ஹவுன்ஸ்லோவிலிருந்து’ என்று மட்டும் எழுதினேன்.

நடத்துகிறவர் தொலைபேசியில் கத்தினார். பாம்பைவிட ஊரின் பெயர்தான் அவரைச் சுட்டிருந்தது. “சொந்த ஊர்க்காரியை யார் கூ அடிப்பார்கள்? உனக்கு இந்தத் தொழிலின் முதல் எழுத்தும் தெரியவில்லை.” அதில் நியாயம் இருந்தது. அந்தந்த ஊரில் அந்த ஊர்க்காரரை ஒருபோதும் வில்லனாக ஏற்றமாட்டார்கள்; கூட்டம் பாசத்தில் கைதட்டிவிடும். ஆனால் எழுதியதை எழுதிவிட்டேன். நானும் இறங்கவில்லை. முடிவில் அவர் சொன்னார். “சரி. உனக்கு எட்டு நிமிடம். எட்டு நிமிடத்துக்குள் அந்த மண்டபம் உன்னைக் கூ அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நீ பலகையோடு இரு.”

ஒருவர் கூ அடிக்க வேண்டும் என்கிறார், இன்னொருத்தி கை வரக்கூடாது என்கிறாள். இரண்டில் எது பிசகினாலும் நான் வீட்டுக்குப் போய் ஓவர்டைமை மெய்யாகவே செய்ய வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே பலகையை இறக்கி, நானே மேடையைப் பூட்டினேன். பிற்பகலில் சனம் வந்தது. கடைக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் முன் மூன்று வரிசையையும் பிடித்துக்கொண்டன. சிலர் வீட்டிலிருந்து சாப்பிட ரோல்ஸ் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பின்னால் வாடிக்கையாக வருகிற வெள்ளைக்காரக் குடும்பங்கள். ‘ஹவுன்ஸ்லோவிலிருந்து’ என்று அறிவிப்பாளர் சொன்னதும் முன் மூன்று வரிசையும் எழுந்து கைதட்டியது. ஒருவர் விசிலடித்தார். பின்னால் இருந்தவர்களுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது.

முறைத்தேன். கைதட்டினார்கள். பயிற்சியாளரின் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். அதற்கும் கைதட்டினார்கள். கயிற்றில் ஏறி நின்று, “வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ” என்று தமிழிலேயே கத்தினேன். “எங்கடை பிள்ளை” என்று ஒரு அன்ரி பக்கத்தில் இருந்தவருக்குப் பெருமையாகச் சொன்னது மேடைவரை கேட்டது. நான்கு நிமிடம் போய்விட்டது. மண்டபத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்ற நடத்துகிறவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

பயத்தில் ஒரு உதை உதைத்தேன். பழகிய உதையைவிடப் பலமாகவே விழுந்தது. அவள் மடிந்து விழுந்தாள்.

கை போனது. இடுப்புப் பட்டிக்குள் செருகிப் பழகிய கை, மூன்று வாரம் அரிசியிடம் அடங்கிய கை, நூற்றைம்பது பேருக்கு முன்னால் நேரே போய் அவள் தோளைத் தொட்டு என் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

கைதட்டல் நின்றுபோனது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் மூன்றாவது வரிசையின் கரையில் அம்மாவைக் கண்டேன். ஹோட்டல் உடுப்புக்கு மேலே கோட்டுப் போட்டு, கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி இருந்தார். வருவதாக எனக்குச் சொல்லவில்லை. இரண்டு வாரமாக என்னோடு பேசாதவர் எப்படிச் சொல்லுவார். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஏழு மாதம் முதுகில் விழுந்து எழும்பியும், கடைசியில் அவர் பார்க்க வந்த நேரத்திலும் நான் மன்னிப்புத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்போது பின் வரிசைகளிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் ஒருவர், பிறகு பத்துப் பேர், பிறகு பின்பக்கம் முழுவதும். கூ அடித்தார்கள். அவர்கள் கண்டது வேறு காட்சி. ஒருத்தியை உதைத்து விழுத்தியவள், அவள் தோளில் தட்டிவிட்டுத் தன் விரலைத் தானே முத்தமிட்டுக்கொள்கிறாள். இத்தனை திமிரை அவர்கள் அந்த மண்டபத்தில் முன்பு பார்த்திருக்கவில்லை. ஒரு கிழவர் நாற்காலியில் ஏறி நின்று என்னை நோக்கி விரலை ஆட்டினார்.

நிலத்தில் கிடந்த பயிற்சியாளர் உதடு அசையாமல் சொன்னாள். “நிற்காதே. உதை.”

உதைத்தேன். கை கிளம்பியது. அம்மாவின் முகத்தை நேரே பார்த்துக்கொண்டு அதை இடுப்பில் வைத்து அழுத்தினேன். கிளம்பிய கை அங்கேயே நின்றது. மறுபடி உதைத்தேன். சூப்பர்வைசரின் ட்ரொலி, ரப்பர் பாம்பு, ஜெர்மனியில் அம்மா சொன்னவை, ஹோட்டல் கதவுகளில் சொன்னவை, எல்லாவற்றுக்கும் சேர்த்து உதைத்தேன். அவளுக்கு நோகாமல்தான் உதைத்தேன். அது எப்படி என்று இங்கே சொல்லமாட்டேன், அது தொழில். இப்போது முன் வரிசைகளில் ஒரு சலசலப்பு. முதல் உதைக்குக் கும்பிட்டவள் இரண்டாவதுக்குக் கும்பிடவில்லை, மூன்றாவதுக்கும் இல்லை. சற்றுமுன் பெருமைப்பட்ட அதே அன்ரி எழுந்து, “எடியே, தொட்டுக் கும்பிடடி” என்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இன்னொரு உதை விட்டேன். “வளர்ப்பைப் பார்” என்றார் யாரோ. அத்தோடு முன் மூன்று வரிசையும் கூ அடிக்கத் தொடங்கியது. வெள்ளைக்காரர் நான் கும்பிட்டதற்குக் கூ அடித்தார்கள், எங்கள் சனம் நான் கும்பிடாததற்குக் கூ அடித்தது. நடுவில் நான் நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்க்கையில் எங்கேயும் நின்றதில்லை.

எட்டாவது நிமிடம், பேசிவைத்தபடி, அவள் என்னைத் தூக்கிப் போட்டாள். நாடியை நெஞ்சோடு ஒட்டி, பலகையை அறைந்துகொண்டு விழுந்தேன். தோற்றேன். மண்டபம் மகிழ்ச்சியில் அதிர்ந்தது.

உடைமாற்றும் அறைக்குள் நடத்துகிறவர் ஓடி வந்தார். அந்தக் கையை இனி ஒவ்வொரு ஆட்டத்திலும் செய், பாம்பைவிட அது நல்ல சரக்கு என்றார்.

“அது சரக்கு இல்லை” என்றேன். “வந்தால் வரும். நீங்கள் கேட்டால் வராது.”

அவர் வாதாடப் பார்த்தார். நான் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் இரண்டு நிகழ்ச்சி, இரண்டிலும் நீ என்று சொல்லிவிட்டுப் போனார். பயிற்சியாளர் சுவரோடு அமர்ந்து உதட்டில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ என் முழங்கை பட்டு உதடு வெடித்திருந்தது.

“கை வந்துவிட்டது” என்றேன். “எனக்குத் தெரியும். நான் இனி வளைவுக்கு வரவில்லை.”

“வியாழக்கிழமை ஆறு மணிக்கு வா” என்றாள். “முழங்கையைத் திருத்த வேண்டும்.”

அப்போது கதவைத் தட்டுகிற சத்தம். “ஸொறி” என்று சொல்லிக்கொண்டே அம்மா உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே என் பயிற்சியாளரிடம் போனார். அந்த வெடித்த உதட்டை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து அவள் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுபடி தொட்டு ஒற்றிக்கொண்டார். வாய்க்குள் ஏதோ எண்ணுவது தெரிந்தது. அவள் ஐஸைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். இத்தனை காலமும் என்னை அதட்டியவள், அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை.

முடித்துவிட்டு அம்மா நிமிர்ந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னோடு பேசினார்.

“பதினொரு தரம் உதைச்சனீ. ஒருக்காத்தான் கும்பிட்டனீ. மிச்சம் பத்துக்கும் நான் கும்பிட்டிட்டன்.”

நான் தலையாட்டினேன்.

“அடுத்த முறை காலை இன்னும் கொஞ்சம் தூக்கி உதை. பின்னுக்கு இருக்கிறவைக்குத் தெரியேல்லை.”